1,305 படியும் 750 அடி போரும்

"போரில் தண்ணீர் குறைந்துவிட்டது. இன்னும் எத்தனை அடி இறக்கலாம்?"

விவசாயிகள் கேட்கும் கேள்விகளில் ஆண்டு முழுவதும் ஓயாமல் வருவது இது. சித்திரையிலும் வரும், மழை முடிந்த தை மாதத்திலும் வரும். பதில் தேடித் தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவரிடம் போகிறவர்கள் உண்டு. கருவி வைத்துப் பார்ப்பவரிடம் போகிறவர்களும் உண்டு. அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர் வட்டார விவசாயிகளுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்ல ஒரு மலையே இருக்கிறது. அதில் அவர்கள் ஆண்டுதோறும் ஏறவும் செய்கிறார்கள். ஏறி, கும்பிட்டு, இறங்கிவிடுகிறார்கள். உச்சியில் நின்று கீழே பார்ப்பவர்கள் குறைவு.

அந்த மலை, சோளிங்கர் பெரிய மலை.

இரண்டு மலை, இரண்டு ஏற்றம்

அரக்கோணத்தில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு மலைக்கோயில்கள். வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் திருத்தணி. ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் சாரி சாரியாக ஏறும். டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும் படித் திருவிழா நூறு ஆண்டுக்கும் மேலாக நடக்கிறது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. வண்டிப் பாதை மேலே வரை போகிறது; படியேற முடியாதவர்களுக்கும் சிரமம் இல்லை.

மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் சோளிங்கர். சோழசிங்கபுரம் என்ற பெயர்தான் மருவிச் சோளிங்கர் ஆனது. 108 திவ்யதேசங்களில் திருக்கடிகை என்பது இதுதான். கடிகை என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அவ்வளவு நேரம் மனம் ஒன்றி இங்கே இருந்தாலே போதும், பிறவிப் பயன் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. பெரிய மலையில் யோக நரசிம்மர். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். சின்ன மலைக்கு 406 படி. பெரிய மலைக்கு 1,305 படி. உயரம் 750 அடி.

கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம். அதனால் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. ராணிப்பேட்டை, திருவள்ளூர், வேலூர் மாவட்டங்களில் இருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர், நகரியில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வருகிறவர்களில் பெரும்பகுதி உழவுக் குடும்பங்கள். கழனியில் சம்பா நெல் நின்றுகொண்டிருக்கும். மழை ஓரளவு பெய்து முடிந்திருக்கும். ஒரு நாள் ஒழியும் காலம் அது.

கார்த்திகைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஏரிகளில் வந்து சேர்ந்திருக்கும் மாதம் அது. ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும் ஏரி எது, நிரம்பிய ஏரி எது, பாதியில் நின்றுபோன ஏரி எது என்று மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் தெரியும்.

ஏறுவது எப்படி?

750 அடியை 1,305 படியால் வகுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 7 அங்குலம் வருகிறது. வீட்டு மாடிப்படி அளவுதான். ஆனால் வீட்டு மாடிக்கு இருபது படி. இங்கே அதைப்போல 65 மடங்கு. பாதி தூரத்துக்கு மேல் செங்குத்து கூடுவதுபோலத் தோன்றும். உண்மையில் படியை விட நம் தொடைதான் அங்கே மாறியிருக்கும்.

சேற்றில் நடவு நட்டவர்கள், அண்டை வெட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் இந்த ஏற்றத்தை எளிதாக நினைப்பது வழக்கம். முதல் 200 படியை ஓட்டமாக ஏறிவிட்டு, அடுத்த மண்டபத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார்கள். கழனி வேலைக்குப் பழகிய உடம்பு படியேற்றத்துக்குப் பழகியதாகாது. வேலை செய்யும் தசை வேறு.

நூறு நூறு படியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நூறு படி ஏறி, ஒரு நிமிடம் நின்று, மூச்சு சீரானதும் அடுத்த நூறு. இப்படி 13 தடவை. நிற்கும்போது உட்கார்ந்துவிட வேண்டாம்; உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கால் இறுகிவிடும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடுமாறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இப்படிப் போனால் சாதாரண உடல்நிலை உள்ளவர்கள் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம்.

விடிந்ததும் கிளம்புவது நல்லது. கருங்கல் படி பத்து மணி வெயிலுக்கே சுடத் தொடங்கும். விரதம் இருந்து ஏறுகிறவர்கள் பலர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறுவது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நெஞ்சு அடைப்பது போலவோ தலை சுற்றுவது போலவோ இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஏறக் கூடாது.

முழங்காலுக்குச் சோதனை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் முட்டியில் விழுகிறது. நேராகத் தடதடவென்று இறங்காமல், சற்றே பக்கவாட்டில் திரும்பி, குறுக்கும் நெடுக்குமாக இறங்கினால் முட்டி தப்பிக்கும்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் சோளிங்கரைப் பற்றிச் சொன்னதாகாது. கையில் பை இருந்தால் அது குரங்குக்குத்தான். ஏறுகிறவர்கள் கையில் ஒரு குச்சி வைத்திருப்பதை இங்கே வழக்கமாகப் பார்க்கலாம். அடிப்பதற்கு அல்ல, காட்டுவதற்கு. தண்ணீர் பாட்டிலைத் தவிர எதையும் வெளியே தெரியும்படி எடுத்துப் போகாமல் இருந்தால் குச்சிக்கும் வேலையில்லை. காலி பாட்டிலையும் பிளாஸ்டிக் பையையும் கீழே கொண்டுவந்து போட வேண்டும். பாறையில் வீசியது அடுத்த மழையில் ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து ஏரி மதகுக்கு வரும்.

முன்பெல்லாம் ஏற முடியாதவர்களை டோலியில் தூக்கிச் செல்வார்கள். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. வயதானவர்களுக்கும் முட்டி தேய்ந்தவர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் கால் நன்றாக இருக்கும் விவசாயி ஒரு தடவையாவது படியில் ஏறிப் பார்க்க வேண்டும். 750 அடி என்பது என்ன என்று சொன்னால் புரியாது, ஏறினால்தான் புரியும்.

நான்கு குடம் தண்ணீர்

60 கிலோ எடை உள்ள ஒருவர் பெரிய மலை ஏறி முடிப்பது, 60 லிட்டர் தண்ணீரை 750 அடிக்குத் தூக்கியதற்குச் சமம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் நான்கு குடம். வியர்வை கொட்ட, தொடை நடுங்க, வழியில் பத்துத் தடவை நின்று, ஒரு மணி நேரம் பாடுபட்டு அந்த மனிதர் மேலே கொண்டு சேர்த்தது நான்கே குடம்.

இப்போது போரை நினைத்துப் பாருங்கள். போர் எத்தனை அடி ஆழம் என்பது இங்கே கணக்கில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. அந்த மட்டம் 750 அடிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டரை அங்கிருந்து மேலே கொண்டுவர, மோட்டாரிலும் பம்பிலும் வீணாகும் சக்தியையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் ஆகும்.

நெல் வயலில் ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு தடவை பாய்ச்ச 300 யூனிட். அதே தண்ணீர் 30 அடி ஆழக் கிணற்றில் இருந்தால் 12 யூனிட் போதும். 25 மடங்கு வித்தியாசம்.

நேரக் கணக்கு இன்னும் கசப்பானது. 750 அடி மட்டத்திலிருந்து 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் மணிக்கு மூவாயிரம் லிட்டர் சொச்சம்தான் தள்ளும். 2 லட்சம் லிட்டர் சேர 60 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மட்டும் ஓட்டினால் ஒரு ஏக்கர் நனைய ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிவிடும். கடைசி மூலை நனைவதற்குள் முதல் மூலை காய்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம். அது விவசாயிக்குப் பெரிய தாங்கல். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கட்டணம் வராததால் இந்த 300 யூனிட் என்ற எண் எந்த விவசாயியின் கண்ணிலும் படுவதில்லை. ரசீதில் தெரியாத அந்தக் கனம், மலைப்படியில் முட்டியில் தெரியும். எழுநூறாவது படியில் நிற்கும்போது, "இன்னும் பாதி இருக்கிறது" என்று மலைக்கிறதல்லவா? ஒவ்வொரு குடமும் அந்தத் தூரத்தைத்தான் ஏறி வருகிறது.

உச்சியில் நின்று எதைப் பார்ப்பது?

தரிசனம் முடிந்து வெளியே வந்தால் காற்று முகத்தில் அடிக்கும். வியர்வை ஆறும். எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். எதிரே சின்ன மலை, கீழே ஊர், சுற்றிலும் பாறைக் குன்றுகள், அவற்றுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாகக் கழனிகள். பனிமூட்டம் இல்லாத காலையில் வெகுதூரம் தெரியும்.

விவசாயி பார்க்க வேண்டிய வரிசை வேறு. முதலில் பாறை, பிறகு ஓடை, பிறகு ஏரி, கடைசியாகத்தான் கழனி. தண்ணீர் வரும் வரிசை அதுதான்.

முதலில் பாறை. மொட்டைப் பாறையில் விழும் மழை உள்ளே இறங்காது. ஏறக்குறைய முழுவதும் ஓடிவரும். ஒரு ஏக்கர் பாறையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர். போரிலிருந்து 300 யூனிட் செலவழித்து எடுத்தோமே, அதே 2 லட்சம் லிட்டர். மலை அதைத் தூக்கக் கேட்பதில்லை, தானே இறக்கிவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய பாறை எத்தனை ஏக்கர் என்று மேலிருந்து ஒரு குத்துமதிப்பாகப் பார்த்தாலே, பயனற்றது என்று நினைத்த குன்றுதான் ஊரின் பெரிய சொத்து என்பது விளங்கும்.

அடுத்தது ஓடை. பாறையும் சமவெளியும் சேரும் இடத்தில் மரங்கள் கொஞ்சம் அடர்த்தியாக, கோடு போட்டதுபோல இறங்கிவரும். அந்தக் கோடுதான் ஓடை. அது ஏரிக்குள் போய் முடிந்தால் வரத்துக்கால்வாய் உயிரோடு இருக்கிறது. நடுவில் ஒரு மனைப்பிரிவின் கல் வரிசையிலோ, ஒரு புதிய தார்ச்சாலையின் ஓரத்திலோ, செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழியிலோ நின்றுபோனால், அதுதான் நோய் இருக்கும் இடம். கீழே நடந்து பார்த்தால் வேலிகாத்தான் புதரில் இது தெரியாது. மேலிருந்து பார்த்தால் தெரியும்.

மூன்றாவது ஏரி. இந்தப் பகுதியின் ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல. ஒன்று கோடி போனால் அடுத்ததற்குத் தண்ணீர் வரும். அது கோடி போனால் அதற்கடுத்தது. மேட்டூரும் வைகையும் இல்லாத வட மாவட்டங்களில் பெரிய ஆற்றுப் பாசனத்துக்கு வழியில்லாததால், பல்லவர் காலத்திலிருந்தே இப்படி ஏரியோடு ஏரியைக் கோத்து வைத்தார்கள். பாலாற்றுத் தண்ணீரை வாங்கி நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. மாநிலத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஊர்ச்சபையில் ஏரிவாரியம் இருந்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டு அது. தமிழ்நாடு முழுவதும் இப்படி 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன.

இந்த ஏரிகளில் நிற்காத தண்ணீர் எங்கே போகிறது? திருத்தணி ஓரமாக ஓடும் நந்தி ஆறு கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. கொசஸ்தலை பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பூண்டியில் சேர்வது சென்னையின் குடிநீர். அதற்கும் மேல் வந்தால் எண்ணூர்க் கடல். ஆக, திருத்தணி மலைப்பக்கம் பெய்யும் மழைக்கு விவசாயி மட்டுமே உரிமையாளர் அல்ல. ஆனால் ஓடிவரும் முதல் தண்ணீரில் தன் ஏரியை நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பு முதலில் அவனுக்குத்தான் இருக்கிறது. அதை அவன் விட்டுவிட்டால், வெள்ளக் காலத்தில் அது கீழே உள்ள ஊர்களுக்கும் தொல்லைதான்.

நான்காவது கழனி. ஏரிக்குக் கீழே விரியும் பச்சையையும், ஏரியை விட்டுத் தள்ளி அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும் பச்சையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விரியும் பச்சை, ஏரிப் பாசனமும் ஏரியால் ஊறிய கிணறுகளும் தந்தது. திட்டுப் பச்சை பெரும்பாலும் போர் தந்தது. ஏரி நிரம்பிய ஊரில் கிணற்றில் தண்ணீர் இருக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கும் ஊரில் போர் ஆழமாகப் போகத் தேவையில்லை. ஏரி என்பது மதகு வழியாகப் பாய்ச்சுவதற்கு மட்டும் அல்ல. ஊர் முழுவதற்கும் நிலத்தடிக் களஞ்சியம் அது.

ஒரு மாமனாரும் மருமகனும்

இப்படி ஏறி வருகிறவர்களில் ஒரு மாமனாரும் மருமகனும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அரக்கோணத்துக்கும் சோளிங்கருக்கும் நடுவில் ஒரு கிராமம். மருமகனுக்கு இரண்டரை ஏக்கர். 600 அடி போர் இரண்டு ஆண்டாக விட்டு விட்டுத்தான் தள்ளுகிறது. 900 அடிக்குப் புதிய போர் போட முடிவாகிவிட்டது. பணத்துக்கு நகைக்கடன். எந்த நகை என்று மாமனார் கேட்கவில்லை. அவர் மகளுக்குப் போட்டனுப்பியதுதான்.

உச்சியில் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று மருமகன் கேட்கிறார்:

"மாமா, நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

"அதோ, ரெண்டு குன்று சேர்ற இடம் தெரியுது பாருங்க மாப்ள. அதுக்கு இந்தாண்ட."

"அந்த ஏரியா? அது நம்ம ஏரி மாதிரி இல்லையே. தண்ணியே காணோம்."

"அது நம்ம ஏரிதான். பக்கத்துல பளபளன்னு தெரியுதே, அது மேல்புறத்து ஊரு ஏரி. அது ரொம்பியிருக்குது. நம்மளுது ரொம்பல."

"ஒரே மழைதானே மாமா பெய்ஞ்சுது?"

"மழை ஒண்ணுதான். கால்வாய் எங்க மாப்ள?"

மருமகன் பார்க்கிறார். மேல்புறத்து ஏரியிலிருந்து கோடி போகும் தண்ணீர், வெள்ளிக் கோடாக இறங்கி வந்து, பாதி வழியில் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, காணாமல் போகிறது. சற்றுத் தள்ளி அது ரோட்டோரப் பள்ளத்தில் தேங்கி நிற்பது தெரிகிறது. அதற்கும் அவர்கள் ஏரிக்கும் நடுவில் ஒரு பர்லாங்குகூட இருக்காது.

இதற்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. 900 அடி போருக்கு லட்சங்களில் செலவு. கருங்கல் பூமியில் தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில் மட்டும்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். இறுகிய பாறைதான் மிஞ்சும். 900 அடியில் தண்ணீர் வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். வந்தாலும், பக்கத்துக் கழனிக்காரர் அடுத்த ஆண்டு ஆயிரம் அடி இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஒரு பர்லாங்கு கால்வாயைச் சரிசெய்ய ஜே.சி.பி. வாடகையும் ஊர் ஒற்றுமையும் போதும். இரண்டாவதுதான் கடினம். ஆனால் அது நகையை அடகு கேட்காது.

இறங்கி வந்து செய்ய வேண்டியவை

சோளிங்கர்தான் என்றில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் படிக்கட்டும் பாதையும் உள்ள எந்த மலைக்கோயிலுக்கும் இது பொருந்தும். காப்புக்காடு உள்ள மலையில் வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு விலகக் கூடாது. மலையே இல்லாத ஊர்க்காரர்கள் போனில் உள்ள செயற்கைக்கோள் படத்தில் இதே வரிசையில் பார்க்கலாம்.

1. கார்த்திகையில் ஏறி, உங்கள் ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது, எங்கே நிற்கிறது என்று படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுத்தால் மாற்றம் தெரியும்.

2. கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். வாய்க்கால், ஓடை, ஏரி எல்லாம் புறம்போக்காகப் புல எண்ணோடு பதிவாகியிருக்கும். மலையிலிருந்து எடுத்த படத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால், எந்தப் புல எண்ணில் தடை என்று தெரிந்துவிடும்.

3. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனு கொடுப்பதற்கு முன் உங்கள் ஏரி எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

4. கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வேலைக்கு ஏற்ற காலமும் அதற்குப் பிறகுதான். ஏரி வற்றியிருக்கும், மழைக்கு இன்னும் நாள் இருக்கும். தீர்மானத்தில் "ஏரியைத் தூர்வார வேண்டும்" என்று மொட்டையாக எழுதாமல், "இந்தப் புல எண்ணில் உள்ள வரத்துக்கால்வாய் இவ்வளவு நீளத்துக்கு அடைபட்டுள்ளது" என்று எழுதினால் அதற்கு மதிப்பு வேறு.

5. ஏரியை ஆழமாக்குவதை விட முதலில் கால்வாயைத் திறக்க வேண்டும். தண்ணீர் வரும் வழி அடைபட்டிருக்கும்போது ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அது வெறும் பள்ளம்தான். வண்டல் மண் தேவைப்படும் விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஏரிக்கும் நல்லது, கழனிக்கும் நல்லது. ஆனால் மதகின் மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறிக்கக் கூடாது. கரையை ஒட்டியும் எடுக்கக் கூடாது.

6. ஏரி நிரம்பும் வரை, இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றுங்கள். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிறுத்த வேண்டியதில்லை. திருந்திய நெல் சாகுபடியில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டினால் போதும். அது மறைந்து மயிரிழை வெடிப்பு தோன்றும்போது மறுபடி கட்டலாம். போர்ப் பாசனம் மட்டுமே உள்ள கொல்லையில் நெல்லைத் தவிர்த்து வேர்க்கடலை, உளுந்து, எள், கேழ்வரகு என்று போகலாம். பாழடைந்த திறந்தவெளிக் கிணற்றைக் குப்பை போட்டு மூடாமல், கழனி மழைநீரை மண் வடித்து அதில் விட்டால் அதுவே நிலத்தடிக்கு நீர் ஊட்டும் கிணறு.

அரக்கோணத்திலிருந்து சோளிங்கருக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் போவது வசதி. சோளிங்கர் ரயில் நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. மலையடிவாரத்தில் தக்கான் குளம் இருக்கிறது. அதில் முழுகிவிட்டு ஏறுவது வழக்கம். கூட்டம் வேண்டாதவர்கள் கார்த்திகையில் ஞாயிறு, வெள்ளியைத் தவிர்த்து வேறு நாளில் போகலாம்.

"இன்னும் எத்தனை அடி இறக்கலாம்?" என்று கேட்பவர்கள், ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி இந்த 1,305 படி ஏறிப் பார்க்கட்டும். உச்சியில் 24 நிமிடம் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதியைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் தன் ஏரிக்கு எந்த வழியில் தண்ணீர் வருகிறது என்று பார்த்துவிட்டு இறங்கலாம்.